நண்டுக்கு மேல் தயிர் கூடாது

செய்தி வந்தபோது என் கையில் பலாச்சுளை இருந்தது. கல்லடியில் எங்கள் வீட்டுக் குசினி மேசையில் பாதிப் பழத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, காலைச் சாப்பாட்டுக்குப் பதிலாக அதையே தின்றுகொண்டிருந்தேன். மகள் தர்சினி கைத்தொலைபேசியைக் காதில் வைத்தபடி அறையிலிருந்து வந்தாள். போனை என்னிடம் நீட்டினாள். மறுமுனையில் மருமகன் சுதன். அறுவடை வேலையாக முதல் நாள்தான் சித்தாண்டிக்குத் தகப்பன் வீட்டுக்குப் போயிருந்தான். "மாமா, அப்பா போயிற்றார்" என்றான். விடியப்புறம் நெஞ்சு நோகுது என்றாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டதாம்.

எனக்கு உடனே அழுகை வரவில்லை. கையில் இருந்த சுளையைப் பார்த்தேன். இவ்வளவு பலாப்பழம் தின்ற வயிற்றுக்கு மேல் நான் என்ன குடிக்க வேண்டும் என்று இனி யார் சொல்லப் போகிறார் என்றுதான் முதலில் தோன்றியது. அந்த நினைப்பு வந்த பிறகுதான் அழுதேன்.

என் சம்பந்தி சாமித்தம்பி மச்சானின் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நாலு வரி எழுதித் தரும்படி சுதன் கேட்டான். நாலு வரியில் அடங்குகிற மனிதரா அவர்? இந்த மலரைக் கையில் எடுப்பவர்களில் அநேகமாக எல்லோரும் அவரோடு ஒரு நாளாவது சாப்பிட உட்கார்ந்திருப்பீர்கள். உட்கார்ந்தவர்கள் எல்லோரும் ஏச்சும் வாங்கியிருப்பீர்கள். "என்ன தின்னீங்க எண்டு நான் கேக்கமாட்டன். அதுக்கு மறுகா என்ன தின்னீங்க? அதச் சொல்லுங்க" என்று கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்திருப்பார். உங்களுக்குச் சூடா குளிரா என்று அங்கேயே தீர்ப்பும் சொல்லியிருப்பார். மாம்பழம் சூடு, மேலே பால் குடி. அன்னாசி சூடு. இளநீர் குளிர், அந்திக்குக் குடிக்காதே. கத்தரிக்காய் கிரந்தி, உடம்பில் புண் இருந்தால் கிட்டவும் போகாதே. வயல்வட்டையில் நெல் வேளாண்மை, பட்டி நிறைய எருமை, கோயில் திருவிழாவில் முதல் வரிசை என்று எல்லாம் இருந்தும், ஊரில் அவரைப் பெரிய மனிதராக்கியது அடுத்தவர் சோற்றுக் கோப்பைக்குள் எட்டிப் பார்க்கிற அந்தக் குணம்தான் என்று நான் அவர் முகத்துக்கு நேரேயே சொல்லியிருக்கிறேன். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

எங்கள் பழக்கம் நண்டில்தான் தொடங்கியது. சுதனுக்கு தர்சினியைப் பேசி வந்த நாள் அது. என் மனைவி ராசமணி வாவி நண்டு வாங்கி, முருங்கையிலை போட்டுச் சமைத்திருந்தாள். மச்சான் வரும்போதே சட்டி நிறைய எருமைத் தயிர் கொண்டுவந்திருந்தார், வாழையிலையால் மூடிக் கட்டி. நண்டை அவர் சாப்பிட்ட விதத்தைப் பார்த்தே சம்பந்தம் சரிவரும் என்று நினைத்தேன். ஒரு காலைக்கூட விடவில்லை. சாப்பாடு முடிகிற நேரம் ராசமணி தயிர்ச்சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மச்சான் எச்சில் கையையே உயர்த்தி மறித்துவிட்டார்.

"கூடா, கூடா. நண்டுக்கு மேல தயிர் கூடா. ஒண்டு நெருப்பு, மத்தது தண்ணி. வயித்துக்குள்ள அடிபட்டா ஆரு விலக்குப் பிடிக்கிற?"

"தயிரைக் கொண்டுவந்தது நீங்கதானே?" என்று கேட்டேன்.

"கொண்டுவந்தது நான். நண்டு ஆக்கினது நீங்க. ஆளையாள் கேக்காமச் செஞ்ச வேலை. ரெண்டு பேரிலயும் பிழை."

சரி, பின்னேரம் சாப்பிடலாமே என்றேன். அந்திக்குத் தயிர் ஆகாதாம். நாளைக் காலையில் சீனி போட்டு நீங்கள் சாப்பிடுங்கள் என்றார். போகும்போது அந்தச் சட்டியை அவர் பார்த்த பார்வை இருக்கிறதே, அது எனக்கு மறக்காது. "எருமைத் தயிர் தின்னாத நாள் எனக்குச் சோறு தின்னாத நாள் மச்சான்" என்று படலையில் நின்று பெருமூச்சு விட்டார். அவர்கள் கல்லடிப் பாலத்தைத் தாண்டியிருப்பார்களோ இல்லையோ, ராசமணி முடிவு சொல்லிவிட்டாள். "இவர்ட மகன எடுப்பம். ஆசப்பட்டதத் தள்ளி வைக்கத் தெரிஞ்ச மனிசன்" என்றாள். நானோ, இந்த மனிதனோடு எப்படிக் காலம் தள்ளுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவன். சூடு என்றால் எத்தனை பாகை என்று கேட்பேன். "உங்கட வெப்பமானிய மாம்பழத்துக்குள்ள குத்திப் பாருங்க, அது என்னத்தக் காட்டும்? தின்ன ஆள்ட கண்ணப் பாருங்க" என்பார். ஒரே பொருளை ஓட்டமாவடியில் சூடு என்கிறார்கள், நீங்கள் குளிர் என்கிறீர்கள், யார் சரி என்று மடக்குவேன். அவரவர் தண்ணீருக்கு அவரவர் கணக்கு என்று வழுக்கிவிடுவார். அவர் சொன்னதெல்லாம் சரி என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. ஹெல்மட் போட்டால் மூளை சூடாகிறது என்று, சித்தாண்டியிலிருந்து கல்லடி வந்து சேருவதற்குள் மோட்டார் சைக்கிளை நிறுத்தி நிறுத்திக் கெக்கரிக்காய் தின்ற மனிதர் அவர். வந்து இறங்கும்போது பல் கிடுகிடுக்கும். இப்போது குளிர் கூடிவிட்டது, ஒரு இஞ்சித் தேத்தண்ணி போடுங்கள் என்பார்.

ஆனால் அவர் சொன்ன ஒன்றை நான் அடிக்கடி திருப்பிச் சொல்வதுண்டு. "வயிறு ஒரு நீதவான் மச்சான். ஒரு பக்கத்தக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லாது. மத்தப் பக்கத்துக்கும் ஆளக் கூட்டிப்போகணும்" என்பார்.

இனிச் சொல்லப்போவது தர்சினியின் பிள்ளைப்பேற்றுக் கதை. சிலருக்கு இதில் பாதி தெரியும். மீதிப் பாதி எனக்கே போன மாதம்தான் தெரிந்தது.

தர்சினி வயிற்றில் பிள்ளையோடு இருந்தபோது ராசமணி போய்விட்டாள். சுதன் அப்போது கட்டாரில் வேலை. மாமியாரின் செத்தவீட்டுக்கு வந்து, இருந்த லீவையெல்லாம் எடுத்து முடித்துத் திரும்பிப் போனான். பிள்ளை பிறந்தபோது அவனால் வர முடியவில்லை. எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். மகள் தாய் வீட்டில்தான் இருப்பாள், தாய்தான் சரக்கு அரைத்துக் கொடுத்துப் பத்தியம் பார்ப்பாள். தாய் இல்லாவிட்டால் மாமியார் வர வேண்டும். சம்பந்தியம்மாவோ காலில் சத்திரசிகிச்சை செய்து கட்டிலில் கிடந்தார். முதல் சில நாட்கள் பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து பார்த்தார்கள். அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறதல்லவா? ஒரு காலையில் நான் அடுப்படியில் நின்று மிளகையும் மல்லியையும் மாறி மாறிப் பார்த்து முழித்துக்கொண்டிருந்தபோது, படலையில் மச்சானின் குரல் கேட்டது.

"மச்சான், அம்மி எங்க இரிக்கி?"

மாமியார் வர வேண்டிய இடத்துக்கு மாமனார் வந்திருந்தார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அம்மிக்கு முன்னால் உட்கார்ந்தார். மிளகு, மல்லி, நற்சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு, உள்ளி என்று தன் மனைவி சொல்லி அனுப்பிய வரிசையை வாய்க்குள் முணுமுணுத்தபடி அரைத்தார். வயலும் பட்டியும் வைத்திருக்கிற போடியார் அம்மி அரைக்கிறார் என்று மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்த தலைகள் கொஞ்சமல்ல. "பாக்கிற ஆக்கள் வந்து ஒரு கை பிடிக்கலாம்" என்று அவர் உரத்துச் சொன்னதும் தலைகள் மறைந்தன.

அரைத்தது சரி. என்ன சமைப்பது என்பதில்தான் சண்டை வந்தது. எங்கள் கடற்கரைப் பக்கத்தில் பால் ஊறச் சுறா கொடுப்போம். அவர் சுறா சூடு என்றார், வாவி மீன்தான் வேண்டும் என்றார். அவர் சொன்ன மீனில் முள் கூட என்று நான் தள்ளினேன். பூசணிக்காய் குளிர் என்று அவர் தள்ளினார். வாழைக்காய் வாய்வு என்று நான் தள்ளினேன். முட்டை, இறால், பயற்றங்காய், பொன்னாங்காணி என்று ஒவ்வொன்றுக்கும் ஒருவர் இல்லாவிட்டால் மற்றவர் தடை போட்டோம். அவர் ஊர்ப் பத்தியமும் என் ஊர்ப் பத்தியமும் சேர்ந்து, கடைசியில் தர்சினியின் கோப்பையில் சிவப்பரிசிச் சோறும் சரக்குத் தண்ணியும் சுட்ட உள்ளியும் மட்டும் மிஞ்சின. காலையிலும் அதுதான், மத்தியானமும் அதுதான். வீடு வீடாக வருகிற மருத்துவிச்சி மிஸ் வந்து பார்த்துத் தலையில் கை வைத்தார். எல்லாம் கொடுங்கள், பழம் கொடுங்கள், தயிர் கொடுங்கள் என்றார். அதுவரை முட்டி மோதிக்கொண்டிருந்த நாங்கள் இருவரும் அந்த ஒரு விஷயத்தில் உடனே ஒற்றுமையாகி, ஓம் ஓம் என்று தலையாட்டி அவரை அனுப்பிவிட்டோம்.

தர்சினி சாப்பிடுவதைக் குறைத்துக்கொண்டே போனாள். பிள்ளை அழுதால் எடுத்துப் பால் கொடுப்பாள், கொடுத்தபடியே சுவரைப் பார்த்துக் கண்ணீர் வடிப்பாள். பாலும் வற்றத் தொடங்கியது. மச்சான் முதலில் சூடு என்றார். அடுத்த நாள் குளிர் என்றார். பிறகு வாய்வாக இருக்கும் என்றார். நான் மூன்றையும் மறுத்தேன், ஆனால் வேறு ஒன்றைச் சொல்லவும் எனக்குத் தெரியவில்லை. தாயைப் பறிகொடுத்த வீட்டில் மகளையும் பறிகொடுத்துவிடுவேனோ என்று பயந்து போயிருந்தேன்.

ஒரு மத்தியானம் அவள் கோப்பையைத் தொடாமலே தள்ளி வைத்தாள். மச்சான் வழக்கம்போல ஏசப் போகிறார் என்று நினைத்தேன். அவர் வாசற்படியில் குந்தினார். நான் அவர் வாயால் ஒருநாளும் கேட்டிராத ஒரு கேள்வியைக் கேட்டார்.

"மகள், உனக்கு என்ன தின்ன ஆச?"

தர்சினி சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினாள். பிறகு சொன்னாள். "தயிரும் சீனியும், மாமா. அம்மா குழைச்சுத் தாற மாதிரி."

பிள்ளை பெற்ற உடம்புக்கு எருமைத் தயிர்! அதைவிடக் குளிர்ச்சியான சாமான் அவர் கணக்கில் கிடையாது. தாய் தின்றால் பால் வழியாகப் பிள்ளைக்கும் போய் நெஞ்சில் சளி கட்டும் என்பது அவருக்கு வேதம். எழும்பினார், கொடியில் கிடந்த சேட்டை எடுத்து மாட்டினார், "வாறன் மச்சான்" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். மனிதர் கோபித்துக்கொண்டு போகிறார் என்றே நான் நினைத்தேன். போனால் போகட்டும் என்றும் நினைத்தேன்.

அடுத்த நாள் வெயில் ஏறுகிற நேரம் திரும்பி வந்தார். நெற்றி நிறையத் திருநீறு, சந்தனம். கையில் ஒரு சட்டி, வாழையிலையால் மூடிக் கட்டியபடி. கோயிலுக்கும் போய்விட்டுத்தான் பஸ் ஏறியிருக்கிறார் என்று விளங்கியது.

"என்ன மச்சான் இது?"

"தயிர். குளிர்தான், எனக்குத் தெரியும். நீங்க ஒண்டும் கதைக்காதங்க." சட்டியை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக் குளிரைப் போக்கினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "நான் எல்லாத்துக்கும் ஒரு மாத்துச் சொல்லுவன் மச்சான். தாய்க்கு என்ன மாத்தச் சொல்ல?"

அப்படிச் சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. நானும் சேர்ந்து அழுதேன்.

தயிரின் மேல் மிளகுத்தூளும் சீரகத்தூளும் தூவிக்கொண்டு போனார். காவலுக்காம். தர்சினி கோப்பையைப் பார்த்துவிட்டு, "அம்மா மிளகு போடமாட்டா" என்றாள். வாதாடாத மனிதரா அவர்? வாதாடவில்லை. மிளகு பட்ட மேல் தயிரைக் கரண்டியால் வழித்து எடுத்து என் கோப்பையில் போட்டார். "நீங்க தின்னுங்க மச்சான்" என்றார். கீழே இருந்த வெள்ளைத் தயிரில் சீனியைப் போட்டு என்னிடம் நீட்டினார். "நீங்க ஊட்டுங்க. தாய்ட கை இல்லாட்டியும் தகப்பன்ட கை இரிக்கிதானே."

நான் அதற்கு முன் அவளுக்கு ஊட்டியதே இல்லை. பாதித் தயிர் அவள் சட்டையில் சிந்தியது. அவள் சிரித்தாள், சிரித்தபடியே ஓவென்று அழுதாள். ராசமணி போன பிறகு அவள் வாய்விட்டு அழுதது அன்றுதான். மச்சான் தொட்டிலைப் பிடித்துக்கொண்டு மறுபக்கம் திரும்பி நின்றார்.

தயிர்தான் அவளைத் தேற்றியது என்று நான் சொல்லமாட்டேன். மருத்துவிச்சி மிஸ் அடுத்த முறை வந்தபோது மச்சான் தானே அவரை இருத்தி நடந்ததையெல்லாம் சொன்னார். இது மனதில் வருகிற வருத்தம், பிள்ளை பெற்ற பெண்களுக்கு வரும், வைத்தியம் இருக்கிறது என்று மிஸ் விளங்கப்படுத்திக் கிளினிக்குக்கு எழுதித் தந்தார். இருவருமாக அவளைக் கூட்டிப்போனோம். ஆறுதலாக, நாளுக்குக் கொஞ்சமாக அவள் தேறினாள். ஆனால் அந்த மத்தியானம் அவள் வாயைத் திறந்தாளே, அதற்கு மிஸ்ஸோ நானோ காரணமில்லை. அதன் பிறகு மச்சான் இரண்டு நாளைக்கு ஒருமுறை பஸ்ஸில் தயிர்ச்சட்டியோடு வந்தார். பேத்தி ஒரு தடவை தும்மினாள். அவர் முகம் செத்துப்போயிற்று. அன்று முழுவதும் தொட்டிலடியை விட்டு அவர் அசையவேயில்லை. அது வெறும் தும்மல்தான். அந்தப் பிள்ளைக்கு ஒரு சளிகூடப் பிடிக்கவில்லை.

பேத்தி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். தயிர் என்றால் உயிரை விடுவாள். மச்சானோ தயிர் சாப்பிடுவதை விட்டுவிட்டார். எத்தனையோ கல்யாணப் பந்திகளில் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன், தயிர் வந்தால் கோப்பையை என் பக்கம் தள்ளிவிடுவார். "வயசு போன உடம்புக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது" என்பார். நான் விடுவேனா? எருமைத் தயிர் தின்னாத நாள் சோறு தின்னாத நாள் என்று சொன்ன ஆள் யார் என்று கேட்பேன். பட்டி நிறைய எருமையை வைத்துக்கொண்டு பச்சைத்தண்ணீர் குடிக்கிற போடியார் என்று பகிடி பண்ணுவேன். அவரும் சேர்ந்து சிரிப்பார். கணக்கு வாத்தியாருக்குத் தயிரைப் பற்றி என்ன தெரியும் என்று திருப்பிக் கொடுப்பார்.

எட்டாம் நாள் படையலுக்கு நாங்கள் எல்லோரும் சித்தாண்டியில் இருந்தோம். அவருக்கு விருப்பமானதெல்லாம் ஆக்கி இலையில் வைத்தார்கள். வாவி நண்டை தர்சினிதான் சமைத்தாள், தாயைப் போலவே முருங்கையிலை போட்டு. எல்லாம் வைத்து முடிந்தபோது சம்பந்தியம்மா காலை இழுத்து இழுத்து வந்தார். கையில் ஒரு சின்னத் தயிர்ச்சட்டி. இலையோரத்தில் வைத்தார்.

"நேர்த்தி முடிஞ்சிது. இனித் தின்னுங்க" என்றார் படத்தைப் பார்த்து.

என்ன நேர்த்தி என்று கேட்டேன். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு சொன்னார்.

"அண்ணன், மருமகள் தயிர் கேட்ட அண்டைக்கு இவர் இஞ்ச வந்து ராவோட பால் தோய வச்சார். விடிய முருகன்ட கோயிலுக்குப் போனார். இந்தக் குளிரால தாய்க்கும் புள்ளைக்கும் ஒண்டும் வரப்படா, நான் சாகுமட்டும் தயிர் தொடமாட்டன் எண்டு சத்தியம் பண்ணிப்போட்டு வந்தார். ஆருட்டயும் சொல்லப்படா எண்டு என்னட்டயும் வாக்கு வாங்கிற்றார். மருமகள் புள்ள அறிஞ்சா மறுகா தயிர் தின்னாது எண்டு சொன்னார்."

தர்சினி சுவரோடு சாய்ந்து நிலத்தில் இருந்துவிட்டாள். பேத்தி ஒன்றும் விளங்காமல் தாயின் மடியில் ஏறினாள். எனக்கு அந்தப் பந்திகள் எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. நான் செய்த பகிடியும், அவர் என் பக்கம் தள்ளிய கோப்பைகளும். ராசமணி முதல் நாளே சொன்னாளே என்றும் நினைத்தேன்.

சாம்பிராணி போடுகிற நேரம் இலையைப் பார்த்தேன். தயிர்ச்சட்டி நண்டுக்கறிக்குப் பக்கத்தில் இருந்தது. என்னை அறியாமலே என் கை போய்ச் சட்டியைத் தூக்கிவிட்டது. சபையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சூடாவது குளிராவது என்று அவரோடு வாழ்நாளெல்லாம் வாதாடிய வாத்தியார்!

"நண்டுக்கு மேல தயிர் கூடா, தங்கச்சி. மனிசன் பேசுவார். இண்டைக்கு நண்டத் தின்னட்டும்" என்றேன்.

அழுத முகத்தோடு சம்பந்தியம்மா சிரித்துவிட்டார். சட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

மச்சானிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது எது என்று சுதன் கடைசியில் எழுதச் சொன்னான். சூடு, குளிர் எதையும் நான் இன்றும் நம்பவில்லை. ஆனால் யாராவது சாப்பிடாமல் கோப்பையைத் தள்ளி வைத்தால், ஏன் என்று நான் இப்போது கேட்பதில்லை. உனக்கு என்ன தின்ன ஆசை என்று அவரைப் போலக் குந்தியிருந்து கேட்கிறேன்.

படையலுக்கு அடுத்த நாள் காலையில் மச்சானின் படத்துக்கு முன்னால் புது இலை போட்டோம். தர்சினி தயிரில் சீனி போட்டுத் தன் கையாலேயே குழைத்து வைத்தாள். வைத்துவிட்டு, என்னவோ நினைத்தவளாகக் குசினிக்குத் திரும்பிப் போனாள். மிளகுத்தூள் போத்தலை எடுத்து வந்து மேலே கொஞ்சம் தூவினாள்.

"மாமாக்குக் குளிர்ந்துபோகும்" என்றாள்.